ஆலைச் சங்கும் அரை மணிச் சாப்பாடும்: தொழிலாளர் வரலாறு தேடப் புறப்படும் மாணவருக்கு

பத்து நிமிடம். 1918இல் சென்னை பின்னி மில் தொழிலாளர்கள் கேட்டவற்றில் அதுவும் ஒன்று. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆலை விட்டது அரை மணி நேரம். அதை நாற்பது நிமிடமாக்கச் சொன்னார்கள். தறியை விட்டு வெளியே வரவேண்டும், கை கழுவ வேண்டும், ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடிக்கும் இடத்தில் உட்கார ஓர் இடம் பிடிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், சங்கு ஊதுவதற்குள் மறுபடி தறியடியில் நிற்க வேண்டும். அரை மணி எங்கே போதும்?

அந்த ஆண்டு ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. அன்னி பெசன்ட்டின் இயக்கத்தைச் சேர்ந்த பி. பி. வாடியா அதன் தலைவர். முன்னின்று உழைத்தவர்கள் செல்வபதி செட்டியாரும் இராமாஞ்சுலு நாயுடுவும். திரு. வி. கல்யாணசுந்தரனார் மேடையேறித் தமிழில் பேசினார். இந்தியாவில் முறைப்படி அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவது இதைத்தான். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஆறிப்போன சோறும் பத்து நிமிடக் கணக்கும் இருப்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. அதற்கு இடமில்லை, குற்றம் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் புராஜெக்டில் இடம் இருக்கிறது.

வரலாற்றுப் புராஜெக்ட் என்று என்னிடம் வரும் மாணவர்கள் பெரும்பாலும் கொண்டுவரும் தலைப்பு “இந்தியத் தொழிலாளர் இயக்கம்” அல்லது “ஆங்கிலேயர் காலத்துப் பொருளாதாரம்”. இருபது பக்கத்தில் இதை எழுத வேண்டுமென்றால் யாரோ எழுதியதைச் சுருக்கி எழுதத்தான் முடியும். தேடுவதற்கு அதில் எதுவும் இல்லை. “பின்னி மில்லில் சாப்பாட்டு நேரம் ஏன் சண்டையானது?” என்று கேட்டால் தேட ஆரம்பித்துவிடலாம். கேள்வி சிறியதாக இருந்தால்தான் அதற்கான காகிதங்களைக் கண்டுபிடிக்க முடியும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்வியையே பிடித்துக்கொண்டு போகிறேன். உங்கள் ஊர் வேறாக இருக்கலாம். தூத்துக்குடியில் 1908இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணைநின்ற கோரல் மில் வேலைநிறுத்தம் இருக்கிறது. இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகள், இருக்கின்றன. தேடும் வழி எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இரண்டு சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம். தொழிலாளர் வரலாறு என்பது வேலை செய்தவர்களைப் பற்றியது: யார், எத்தனை மணி நேரம், யாருக்குக் கீழே, எதற்காகச் சண்டை, எதற்காக விட்டுக்கொடுத்தார்கள். பொருளாதார வரலாறு கூலி, விலை, இலாபம், சந்தை, கடன் ஆகியவற்றைக் கேட்கிறது. ஒன்றில் ஆட்கள் அதிகம், மற்றதில் எண்கள் அதிகம். இரண்டும் சந்திக்கும் இடம் சம்பள நாள். அன்று கைக்கு வந்த பணத்தில் எத்தனை படி அரிசி கிடைத்தது என்று கேட்டால் இரண்டு வரலாறும் ஒன்றாகிவிடும்.

சட்டம் என்ன சொன்னது?

எல்லோரும் செய்தித்தாளில் தொடங்குவார்கள். நான் சட்டத்தில் தொடங்கச் சொல்வேன், ஏனென்றால் சட்டம் அச்சாகியிருக்கிறது, எளிதில் கிடைக்கிறது, ஆண்டு தெளிவாக இருக்கிறது. இந்தியாவில் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. 1891இல் வந்த திருத்தம் நண்பகல் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடையே அரை மணி நேரம் வேலையை நிறுத்த வேண்டும் என்றது. 1911இல் ஒரு சட்டம், 1922இல் இன்னொரு திருத்தம். 1922க்குப் பிறகுதான் ஆறு மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேர ஓய்வு என்பது பொது விதியானது. தொழிலாளர்களே கேட்டுக்கொண்டால் வேறு விதமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்ற விலக்கும் அதில் இருந்தது.

இப்போது நம் கேள்விக்குத் திரும்பிப் பாருங்கள். 1918இல் மத்தியானம் அரை மணி விட்ட ஆலை, அந்த ஒரு விஷயத்தில் சட்டத்தின் அளவிலேயே நின்றது. தொழிலாளிக்கு அந்த அளவே போதவில்லை. “முதலாளி சட்டத்தை மீறினார்” என்று எழுத நினைத்திருந்தீர்களானால் அந்த வாக்கியத்தை அடித்துவிட வேண்டியதுதான். அதற்குப் பதிலாக இன்னும் நல்ல கேள்வி ஒன்று கிடைத்திருக்கிறது: அரை மணி போதும் என்று 1891இல் முடிவு செய்தவர்கள் யார்? அவர்களில் தறியடியில் நின்றவர் யாராவது உண்டா?

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, பலர் விழுவார்கள். 1918இல் கேட்டார்கள், 1922இல் ஒரு மணி நேரம் வந்தது, ஆகவே சென்னைப் போராட்டம்தான் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று முடிச்சுப் போட்டுவிடத் தோன்றும். இடையில் 1919இல் வாஷிங்டனில் முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு நடந்தது. இந்தியாவுக்கு வாரம் 60 மணி நேரம் என்ற வரம்பு அங்கே பேசப்பட்டது. 1922 திருத்தம் அந்த 60 மணி வரம்பையும் கொண்டுவந்தது. பம்பாயிலும் அந்த ஆண்டுகளில் பெரிய வேலைநிறுத்தங்கள் நடந்தன. முன்னால் நடந்தது எல்லாம் காரணமாகிவிடாது. “இதற்கும் பங்கு உண்டு” என்பதற்கும் “இதனால்தான்” என்பதற்கும் உள்ள தூரத்தை உங்கள் வாக்கியத்தில் காட்டுங்கள்.

யார் எழுதிய காகிதம்?

நடந்த காலத்திலேயே, அதில் சம்பந்தப்பட்டவர்களால் உண்டான சான்றை முதன்மைச் சான்று என்பார்கள். அரசாணை, கடிதம், சம்பளச் சீட்டு, அன்றைய செய்தி, புகைப்படம் எல்லாம் இதில் சேரும். பிறகு வந்த ஆய்வாளர்கள் அவற்றைப் படித்து எழுதிய நூலும் கட்டுரையும் இரண்டாம் நிலைச் சான்று. இந்த வரையறையை மனப்பாடம் செய்துவிட்டு, முதன்மைச் சான்று என்றாலே உண்மை என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. முதன்மைச் சான்றும் யாரோ ஒருவர், யாருக்கோ, எதையோ சாதிப்பதற்காக எழுதியதுதான். தொழிலாளர் வரலாற்றில் இது இன்னும் கூர்மையான சிக்கல், ஏனென்றால் காகிதம் எழுதும் கை பெரும்பாலும் தொழிலாளியின் கையாக இருப்பதில்லை.

நம் பத்து நிமிடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நிர்வாகத்தின் பக்கம் போனால் பின்னி மில் ஒரு மாதிரி ஆலையாகத் தெரியும். தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், குடியிருப்பு, நலக் கூடம் என்று அதற்குப் பெயர் இருந்தது. அதுவும் உண்மைதான். பள்ளிக்கூடம் இருந்ததையும் சாப்பாட்டு நேரம் போதாததையும் ஒரே பக்கத்தில் எழுதத் தெரிந்தால் உங்கள் புராஜெக்ட் பாதி தேறிவிட்டது. நிர்வாகத்தின் அறிக்கை பொய் என்று தூக்கிப் போடவும் வேண்டாம், அப்படியே நம்பவும் வேண்டாம். எதைப் பெருமையாகச் சொல்கிறது, எதைப் பற்றி வாய் திறக்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

செய்தித்தாள்களுக்கும் பக்கம் உண்டு. அன்றைய சென்னையில் ‘மெட்ராஸ் மெயில்’ ஐரோப்பிய வணிகர்களின் குரல். ‘நியூ இந்தியா’ அன்னி பெசன்ட்டின் பத்திரிகை. ‘இந்து’வும் ‘சுதேசமித்திர’னும் தேசியவாதிகளின் பக்கம். ‘ஜஸ்டிஸ்’, ‘திராவிடன்’ நீதிக்கட்சியின் பக்கம். திரு.வி.க. ‘தேசபக்த’னை நடத்தினார், பிறகு ‘நவசக்தி’. ஒரே வேலைநிறுத்தத்தை இவற்றில் இரண்டில் படித்தாலே போதும், எது செய்தி, எது வாதம் என்று கண் பழகிவிடும். நேர் எதிரான இரண்டைத் தேர்ந்தெடுங்கள். ஒரே பக்கத்துப் பத்திரிகை நான்கைப் படிப்பது ஒன்றைப் படித்ததற்குச் சமம்.

இன்னொரு வகைக் காகிதம் எனக்கு எப்போதும் விசித்திரமாகப்படும். அன்றைய அரசு, இந்திய மொழிப் பத்திரிகைகளில் என்ன எழுதுகிறார்கள் என்று கவனித்து, முக்கியமான பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சுருக்கி, அதிகாரிகளுக்கு இரகசிய அறிக்கையாகச் சுற்றுக்கு விட்டது. பல தமிழ் இதழ்களின் மூலப் பிரதி இன்று கிடைக்காது. வேவு பார்த்தவர்களின் ஆங்கிலச் சுருக்கம் மட்டும் பத்திரமாக இருக்கிறது. அதை எடுத்து மாணவர்கள் மறுபடி தமிழாக்கி, மேற்கோள் குறிக்குள் போட்டு, “தேசபக்தன் இவ்வாறு எழுதியது” என்று எழுதிவிடுகிறார்கள். திரு.வி.க.வின் தமிழ் எப்படி இருக்கும், நம் தமிழ் எப்படி இருக்கும்! மேற்கோள் குறி போடாமல், அரசு மொழிபெயர்ப்பாளரின் சுருக்கம் இப்படிச் சொல்கிறது என்று எழுதினால் நேர்மை.

நினைவுக் குறிப்புகளும் அப்படித்தான். வாடியாவின் தொழிலாளர் கூட்டப் பேச்சுகள் 1921இல் நூலாக வந்துவிட்டன, சூடு ஆறாத காகிதம் அது. திரு.வி.க. தன் வாழ்க்கை வரலாற்றை எழுதியது 1940களில். கால் நூற்றாண்டு கழித்து ஒருவர் நினைவுகூரும்போது எது பெரிதாகிறது, எது சுருங்குகிறது என்பதும் பார்க்க வேண்டிய ஒன்று.

அரசு விசாரணைக் குழு அறிக்கைகள் தொடக்க நிலை மாணவருக்குப் பெரிய வரம். 1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கை தந்த அரச தொழிலாளர் ஆணையத்தை விட்லி கமிஷன் என்பார்கள். அது ஊர் ஊராகப் போய் முதலாளிகள், அதிகாரிகள், சங்கத்தினர் எல்லோரையும் விசாரித்தது. வாய்மொழிச் சாட்சியம் கேள்வி-பதிலாகவே அச்சில் இருக்கிறது. நாடகம் படிப்பதைப் போலப் படிக்கலாம். முதன்மை அறிக்கையை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள், சுவை எல்லாம் சாட்சியத் தொகுதிகளில்தான் இருக்கிறது. ஒருவர் பதில் சொல்லாமல் நழுவுவதைக்கூட அதில் பார்க்கலாம்.

கூலி உயர்ந்ததா?

எண்களைக் கண்டு பயந்து ஓடுபவர்களுக்காக இந்தப் பகுதி. “சம்பளம் உயர்ந்தது” என்று ஓர் அறிக்கை சொன்னால் அது பணக்கூலி. அந்தப் பணத்தில் என்ன வாங்க முடிந்தது என்பது மெய்க்கூலி. இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகலாம்.

கணக்குப் புரிவதற்காக நானே சில எண்களைப் போடுகிறேன், இவை எந்த ஆவணத்திலும் உள்ளவை அல்ல. ஒரு தொழிலாளிக்கு மாதம் 15 ரூபாய். ரூபாய்க்கு 8 படி அரிசி. முழுச் சம்பளத்துக்கும் அரிசி வாங்கினால் 120 படி. நான்கு ஆண்டு கழித்துச் சம்பளம் 18 ரூபாய், ஆனால் ரூபாய்க்கு 5 படிதான். 18ஐ 5ஆல் பெருக்கினால் 90 படி. சம்பளம் நூற்றுக்கு 20 கூடியிருக்கிறது, அரிசி நூற்றுக்கு 25 குறைந்திருக்கிறது. ஆலையின் கணக்குப் புத்தகம் ஏற்றம் என்று சொல்லும், அடுப்படி இறக்கம் என்று சொல்லும்.

மேலே “ரூபாய்க்கு 8 படி” என்று தலைகீழாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அக்காலத்து அரசு விலை அட்டவணைகள் பலவற்றில் ஒரு சேர் என்ன விலை என்று இருக்காது, ஒரு ரூபாய்க்கு எத்தனை சேர் என்றுதான் இருக்கும். ஆகவே எண் குறைந்தால் விலை ஏறியது என்று பொருள். இதைக் கவனிக்காமல், விலைவாசி சரிந்ததாக வரைபடம் போட்டுக்கொண்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அழகான வரைபடம், வண்ணம் எல்லாம் தீட்டி. சேரும் படியும் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் அட்டவணையின் அடிக்குறிப்பைப் படிக்காமல் எந்த எண்ணையும் எடுக்காதீர்கள். அணா கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்: 12 பை ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். இந்தப் பழைய பை, ரூபாயில் நூறில் ஒரு பங்கான இன்றைய பைசா அல்ல. 1957இல் தசம முறை வரும்வரை ரூபாய்க்கு 192.

1918ஐ இந்தக் கண்ணாடியில் பார்த்தால் சங்கம் ஏன் அந்த ஆண்டில் பிறந்தது என்பது கொஞ்சம் விளங்கும். முதல் உலகப் போரின் கடைசி ஆண்டு. பின்னி மில்லின் காக்கித் துணி படைக்குப் போய்க்கொண்டிருந்தது, தறி ஓய்வில்லாமல் ஓடியது. இன்னொரு பக்கம் அரிசியும் துணியும் மண்ணெண்ணெயும் விலை ஏறின. அந்த செப்டம்பரில் சென்னையில் மக்கள் கடைகளைச் சூறையாடும் அளவுக்கு நிலைமை போனது. தொடர்ந்து இன்ஃபுளுயென்சா கொள்ளைநோய். சாப்பாட்டு நேரத்துக்கான பத்து நிமிடத்தைச் சாப்பாட்டின் விலையோடு சேர்த்துப் படித்தால்தான் அதன் எடை தெரிகிறது. இது என் வாசிப்பு, நீங்கள் மறுக்கலாம், ஆனால் மறுப்பதற்கு விலை அட்டவணையோடு வாருங்கள்.

தொழிலாளர் என்றால் எல்லோருமா?

புராஜெக்ட்டுகளில் பெரும்பாலும் தவிர்க்கப்படும் பகுதி இது. தவிர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

1920 டிசம்பரில் பின்னி மில் தகராறில் துப்பாக்கிச்சூடு நடந்தது. நிர்வாகம் வாடியா முதலியோர் மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு இடைக்காலத் தடை வாங்கியது. தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்குத் தூண்டி ஒப்பந்தத்தை மீறச் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. சங்கத் தலைவருக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லை என்பது நாடு முழுக்கத் தெரிந்தது. வாடியா விலக நேர்ந்தது. தொழிற்சங்கத் தலைவர் என். எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் இதற்கெனச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. பாடப்புத்தகக் கதை இங்கே வெற்றியோடு முடியும்.

ஆனால் நடுவில் 1921 இருக்கிறது. அந்த ஆண்டு நடுவில் தொடங்கி அக்டோபர் வரை நீண்ட வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் ஒன்றாக நிற்கவில்லை. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பெரும்பாலும் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, மோதல்கள் மூண்டன, ஆகஸ்டு 29 அன்று போலீஸ் சுட்டது. சங்கம் தோற்றது. ஏன் பிரிந்தார்கள்? நிர்வாகத்தின் சூழ்ச்சி என்று ஒரு விளக்கம். மாதக்கணக்கில் கூலி இல்லாமல் தாங்குவதற்கு நிலமோ உறவோ கடன் தருவாரோ இல்லாதவர்களின் நிலை என்று ஒரு விளக்கம். ஊரிலும் ஆலையிலும் தங்களை ஒதுக்கியவர்களின் தலைமையை ஏன் நம்ப வேண்டும் என்ற கேள்வி இன்னொன்று. எம். சி. ராஜா போன்ற ஒடுக்கப்பட்டோர் தலைவர்களின் பேச்சையும் நீதிக்கட்சி, காங்கிரஸ் பத்திரிகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் வேலைநிறுத்தத்தின்போது வேலைக்குப் போனவரைத் திட்டும் “கருங்காலி” என்ற ஒற்றைச் சொல் எவ்வளவு விஷயத்தை மறைக்கிறது என்று தெரியும். சங்கத்தின் காகிதம் தொழிலாளியின் குரல் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். எந்தத் தொழிலாளியின் குரல் என்று அங்கேயும் கேட்க வேண்டியிருக்கிறது.

இதை ஒட்டி ஒரு நடைமுறை எச்சரிக்கை. 1920களின் சென்னை மாகாண ஆவணங்களில் ‘லேபர் கமிஷனர்’ என்று பார்த்தவுடன் ஆலைத் தொழிலாளர் விவகாரம் என்று பாய்ந்து எடுத்தால் உள்ளே வீட்டுமனை, கிணறு, பள்ளிக்கூடம், சுடுகாட்டுப் பாதை என்று இருக்கும். அந்த அதிகாரியின் வேலையில் பெரும்பகுதி அன்று ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் நலம் சார்ந்தது. ஏமாற்றம்போலத் தோன்றும், ஆனால் பண்ணையாள், கூலி, மனை உரிமை பற்றி எழுதுவோருக்கு அது புதையல். ஒரு சொல் அந்தக் காலத்தில் எதைக் குறித்தது என்று பார்க்காமல் தேடினால் இப்படித்தான் நடக்கும். தேடுசொற்களும் அப்படியே. ஆங்கில ஆவணத்தில் தொழிலாளியை ‘ஆப்பரேட்டிவ்’, ‘மில் ஹேண்ட்’, ‘கூலி’ என்று பல பெயர்களில் எழுதுவார்கள். பெரம்பூருக்கும் புளியந்தோப்புக்கும் ஆங்கில எழுத்துக்கூட்டல் அன்று வேறு. ஒரே சொல்லைத் தட்டிவிட்டு “ஒன்றும் கிடைக்கவில்லை” என்று எழுந்து வராதீர்கள்.

எங்கே போவது?

சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. மாகாண அரசின் அரசாணைகள் துறைவாரியாக, ஆண்டுவாரியாக அங்கே உள்ளன. கல்லூரி மாணவர் துறைத் தலைவரின் கடிதத்தோடு போகலாம். முதலில் அட்டவணைத் தொகுதியைக் கேட்டு, அதில் துறையும் எண்ணும் தேதியும் குறித்துக்கொண்டு, பிறகே கட்டுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஓர் அரசாணைக் கட்டில் கடைசிப் பக்கத்து உத்தரவு மட்டும் முக்கியமல்ல. அதற்கு முன்னால் வந்த மனுவும் கலெக்டரின் கடிதமும் போலீஸ் கமிஷனரின் குறிப்பும் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். தொழிலாளர் கையொப்பமோ கைநாட்டோ வைத்த மனு கிடைத்தால் அன்று நீங்கள் நல்ல முகத்தில் விழித்திருக்கிறீர்கள்.

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த அச்சுப் பொருள்களில் தொடங்கியது. பழைய இதழ்கள், துண்டு வெளியீடுகள், நகரத்துப் பரபரப்புகளைப் பாட்டாக்கி விற்ற குஜிலிப் பிரசுரங்கள் என்று, பெரிய நூலகங்கள் குப்பை என ஒதுக்கியவை அங்கே உண்டு. எழும்பூர் கன்னிமாரா நூலகத்தைச் சொல்லவே வேண்டாம்.

பள்ளி மாணவர்களுக்கு இவ்வளவு தூரம் அலைய முடியாது, தெரியும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்களும் இதழ்களும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. நொய்டாவில் உள்ள வி. வி. கிரி தேசியத் தொழிலாளர் நிறுவனம் தொழிலாளர் ஆவணங்களுக்கென்றே ஒரு மின்காப்பகம் வைத்திருக்கிறது. பழைய அரசு அறிக்கைகள் பல இன்டர்நெட் ஆர்க்கைவில் வருடியெடுத்துப் போடப்பட்டுள்ளன. இலங்கை என்றால் ‘நூலகம்’ என்ற பெயருள்ள வலைத்தளம். எங்கிருந்து எடுத்தாலும் அந்தக் கணமே பக்க எண்ணையும் ஆவண எண்ணையும் தேதியையும் எழுதிவையுங்கள். இரவில் எழுத உட்காரும்போது, “இதை எங்கே பார்த்தேன்?” என்று தலையைச் சொறியும் வேதனை எதிரிக்கும் வேண்டாம்.

பரணில் இருப்பது

காப்பகம் எதற்கும் போக முடியாதவர்களுக்கும் ஒரு காப்பகம் வீட்டிலேயே இருக்கிறது. பின்னி மில் 1990களில்தான் நிரந்தரமாக மூடியது. பெரம்பூர், பட்டாளம், ஓட்டேரி, வியாசர்பாடி பக்கம் அங்கே வேலை பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒவ்வொரு தொழில் ஊரிலும் இப்படித்தான். கோவையில் பஞ்சாலை, சிவகாசியில் அச்சகம், ஆம்பூரில் தோல் ஷெட். அவர்கள் வீட்டுப் பரணில், பழைய டிரங்குப் பெட்டியில் சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்குத் தாள், ஈ.எஸ்.ஐ. அட்டை, சங்கச் சந்தா இரசீது, போனஸ் நோட்டீஸ் இருக்கும். 1985ஆம் ஆண்டுச் சம்பளச் சீட்டு ஒன்று கிடைத்தால் மேலே சொன்ன மெய்க்கூலிக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். பிடித்தம் என்ற பத்தியைக் கவனியுங்கள், கூட்டுறவுக் கடனும் பண்டிகை முன்பணமும் குடும்பக் கதையையே சொல்லிவிடும்.

பேசப் போகும்போது மைக்கை நீட்டி, “ஐயா, தொழிலாளர் போராட்டம் பற்றிச் சொல்லுங்கள்” என்றால் மேடைப் பேச்சுத்தான் வரும், செய்தித்தாளில் படித்ததையே அவர் திருப்பிச் சொல்வார். சின்னதாகக் கேளுங்கள். முதல் சங்கு எத்தனை மணிக்கு ஊதும்? பதிலியாக (நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் மட்டும் வேலை கிடைப்பவராக) எத்தனை வருடம் இருந்தீர்கள், நிரந்தரமாக யார் சிபாரிசு? மேஸ்திரி எந்த ஊர்க்காரர்? முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்? பதிவு செய்ய அனுமதி கேளுங்கள், பெயரைப் போட வேண்டாம் என்றால் போடாதீர்கள். தேதிகள் முன்பின் மாறும், அதற்காக இடைமறிக்காதீர்கள். வீட்டுக்கு வந்து நாளிதழோடு ஒத்துப்பார்த்துக்கொள்ளலாம். அவர் எந்த நாளைத் தப்பாக நினைவு வைத்திருக்கிறார் என்பதுகூடச் சில நேரம் சான்றாகிவிடும்.

பேச்சு முடிந்து டீ வரும். கொண்டுவருபவர் அவருடைய மனைவியாக இருப்பார், இத்தனை நேரம் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்திருப்பார். பதிவை நிறுத்திவிடாதீர்கள். சட்டத்திலும் அரசாணையிலும் சங்க அறிக்கையிலும் நான் சாப்பாட்டு நேரத்தைப் பற்றிப் பார்த்திருக்கிறேன், சாப்பாட்டைப் பற்றிப் பார்த்ததில்லை. அவரிடம் கேளுங்கள்: காலை ஷிப்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்து உலை வைப்பீர்கள் அம்மா? மத்தியானம் கேட்டுக்குத் தூக்குச்சட்டியை யார் எடுத்துக்கொண்டு போவார்கள்?